காகிதத்தில் வைத்த பொட்டு

அந்த ஒரு லேத்தின் மேல் மட்டும் சந்தனம் அப்பவில்லை.

மற்ற மெஷின்கள் எல்லாம் சந்தனத்தில் குளித்து நின்றன. ஆயுத பூஜை அன்று அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எந்த ஷெட்டுக்குள் நுழைந்தாலும் இதுதான் காட்சி. கரைத்த சந்தனத்தை மூன்று விரலால் அள்ளி மெஷினின் தலையில், கைப்பிடியில், இரும்பு கடையும் அந்த வழவழப்பான படுகையில்கூட அப்பி, நடுவில் குங்குமம் வைப்பார்கள். லீவு முடிந்து வந்து பார்த்தால், சந்தனம் காய்ந்த இடத்தில் செம்மண் நிறத்தில் துரு நிற்கும். "சாமி உக்காந்துட்டுப் போன எடம்" என்று சிரித்துக்கொண்டே உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள்.

என்னை மாதிரியே இன்னொரு முதலாளியான ரங்கனின் ஷெட்டில், மூலையில் இருந்த அந்த லேத்தில் மட்டும் யாரோ காகிதத்தை வட்டமாக வெட்டி, அதில் சந்தனமும் குங்குமமும் வைத்து, அந்தக் காகிதத்தை மெஷினில் ஒட்டியிருந்தார்கள். நான் நகத்தால் ஓரத்தை நெம்பிப் பார்த்தேன். பசை இல்லை. கிரீஸ். இழுத்தால் வந்துவிடும். இரும்புக்குச் சாமியும் ஆயிற்று, பாதுகாப்பும் ஆயிற்று.

என் மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றன. பக்கத்தில் மடிப்புக் கலையாத புதுச் சட்டையில், தலையைப் படிய வாரிக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். வேறு எதையும் நான் பார்க்கவில்லை. கையில் இருந்த இனிப்புப் பெட்டியை ரங்கனிடம் கொடுத்தேன். கொடுக்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன், இவன் என் ஆள்.

அவன் பெயர் கஜேந்திரன். எண்பதுகளின் நடுவில், கலர் டிவி ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டுக்கு வர ஆரம்பித்த சமயம் அது.

ஒரு தம்பியின் கடிதம்

இந்தத் தொடரைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். சொந்தமாகச் சின்னக் கம்பெனி ஆரம்பித்திருக்கிறாராம். "ஐயா, நீங்கள் ஆள் பொறுக்குவதில் கெட்டிக்காரர் என்று எழுதுகிறீர்களே, நல்ல ஆட்களை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி வைத்துக்கொள்வது என்று விவரமாக எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் மார்தட்டிக்கொண்டு பத்து வாரம் எழுதியிருப்பேன். இப்போது கஜேந்திரன் கதையைத்தான் எழுத முடிகிறது. இதிலிருந்து உங்களுக்கு என்ன கிடைக்குமோ தெரியாது. எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இனிப்புப் பெட்டி எதற்கு?

மற்ற நாளில் ஒரு முதலாளி இன்னொரு முதலாளியின் ஷெட்டுக்குள் சும்மா நுழைந்துவிட முடியாது. கேட்டிலேயே நிறுத்தி, "இன்னா விஷயம்?" என்று கேட்பார்கள். ஆயுத பூஜை அன்று மட்டும் எல்லாக் கேட்டும் திறந்திருக்கும். வாழைக்கன்று கட்டி, கலர்த்தாள் ஒட்டி, பொரிகடலை வைத்து, வேலை செய்பவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து நிற்பார்கள். நாங்கள் முதலாளிமார் கையில் இனிப்புப் பெட்டியோடு ஷெட் ஷெட்டாகப் போவோம்.

சாமி கும்பிடத்தான் போகிறோம் என்று சொல்வோம். ஆள் பார்க்கத்தான் வந்திருக்கிறான் என்பது பொரி கொடுப்பவனுக்கும் தெரியும். அதனால் தன் நல்ல ஆளை மறைத்துக்கொண்டு நின்றபடியே பொரி கொடுப்பான். இதெல்லாம் எஸ்டேட்டில் எழுதாத சட்டம்.

எல்லோரும் ஆளைப் பார்ப்பார்கள். நான் மெஷினைப் பார்ப்பேன். டூல், அதாவது இரும்பைச் சீவுகிற உளி, வைக்கும் தட்டு எப்படி இருக்கிறது, மோட்டாருக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு எவ்வளவு, அடியில் கடைந்து விழுந்த இரும்புச் சுருள் தங்கியிருக்கிறதா. அதைப் பார்த்தே ஆளின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவேன்.

நான் படித்தது நாலாங்கிளாஸ், அதுவும் பாதி. என் அப்பா திருமழிசைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கதிர் அறுத்தவர். நான் எஸ்டேட்டுக்கு வந்து முதலில் பிடித்தது துடைப்பம். இரும்புச் சுருள் கூட்டுகிற வேலை. இன்றைக்கும் என் உள்ளங்காலில் அந்தக் கீறல்கள் இருக்கின்றன. அப்படி இருந்தவன் மண்ணூர்பேட்டையில் ஆறு லேத்து போட்ட ஷெட்டுக்கு முதலாளி ஆனேன். எவன் தயவிலும் இல்லை. டிகிரி வாங்கினவன் ஆறு மாசம் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வதை நான் ஆறு நிமிஷத்தில் தெரிந்துகொள்வேன். இதை எவனும் மறுத்துச் சொன்னதில்லை.

"ஆட்கள் தேவை" என்று என் கேட்டில் ஒரு நாளும் பலகை தொங்கியதில்லை. பலகை பார்த்து வருகிறவன் வேலை இல்லாதவன். எனக்கு வேண்டியவன் வேறு எங்கேயாவது வேலையில் இருப்பான்.

சைக்கிள் செயினும் ஏகாம்பரமும்

என் முதல் ஆள் ஏகாம்பரத்தை எடுத்த கதையைச் சொல்லாவிட்டால் இது விளங்காது.

ஆவடி ரோட்டில் ஒரு நாள் ஒருவன் சைக்கிள் செயின் கழன்று நின்றான். நீங்களும் நானும் என்ன செய்வோம்? விரலால் பிடித்து மாட்டிவிட்டு, கரியைக் கால்சட்டையில் துடைப்போம். அவன் வேலியில் ஒரு குச்சி ஒடித்தான். குச்சியால் செயினைப் பல்லில் ஏற்றி, பெடலை ஒரு சுற்று சுற்றினான். ஏறிக்கொண்டது. விரலில் ஒரு புள்ளி கரி இல்லை. நான் பின்னாலேயே சைக்கிளை மிதித்துப் போய், "நாளைக்கு வேலைக்கு வா" என்றேன். "இன்னா வேலைன்னு சொல்லவே இல்லியே நைனா" என்றான். அவன் அப்பாவுக்கு ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். வாய் கொஞ்சம் நீளம்.

பத்து வருஷம் அவன்தான் என் ஷெட்டின் முதல் மெஷினில் நின்றான். அவன் டூலைத் தீட்டினால், அந்த டூலில் இரும்பு வெண்ணெய் மாதிரி இழையும்.

ஆக, என் கண்ணைப் பற்றி எனக்குக் கர்வம் இருந்தது. காரணம் இல்லாத கர்வம் கிடையாது.

டீக்கடையில்

பூஜை முடிந்த இரண்டாம் நாள் மத்தியானம், மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப் டீக்கடையில் உட்கார்ந்தேன். முதல் ஷிப்ட் விட்டு ரங்கனின் ஆட்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள்.

"இன்னா நைனா, ஒரு டீ சாப்டு" என்றேன்.

கஜேந்திரன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். "நீங்க பூஜைக்கு வந்தீங்க இல்ல?"

"அந்த மூலை லேத்து உன்னுதா?"

"காலைல நானு, மத்தியானத்துக்கு மேல தாசு. ரெண்டு பேர் மெஷினு அது, அண்ணாத்தே."

"ரெண்டு பேர் ஓட்டலாம்யா. மெஷினுக்குப் புருஷன் ஒருத்தன்தான். அது யாருன்னு எனக்குத் தெரியும்."

வெட்கப்பட்டுச் சிரித்தான்.

"காயிதத்துல பொட்டு வெச்ச கை எது? காட்டு பாப்போம்."

டம்ளரை வைத்துவிட்டு இரண்டு கையையும் மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். பெண் பார்க்க வந்தவர்கள் எதிரே நிற்கிற பெண் மாதிரி இருந்தது. எனக்கு இன்னும் பிடித்துப்போயிற்று.

கூடுதல் சம்பளம் சொன்னேன். புது மெஷின் சொன்னேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

"எட்டு வருசமா ஒரே ஷெட்டு அண்ணாத்தே. உட்டுட்டு வந்தா ரங்கன் மொதலாளி திரும்பச் சேக்க மாட்டாரு. ஊட்ல அது மாசமா கீது. நடுவுல வேல போச்சின்னா எனக்கு நிக்க எடம் இல்ல."

"என் ஷெட்டுக்கு வந்தவன் எவனும் திரும்பிப் போனதில்ல. அத்த நீ இன்னாத்துக்கு யோசிக்கிற?"

ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தான். அப்புறம் சொன்னான்: "தாசையும் கேட்டுப் பாக்கட்டுமா? ரெண்டு பேருமா வந்துட்டா நல்லாருக்கும்."

"எனக்கு ஒருத்தன் போதும்" என்றேன்.

தம்பி, நீங்கள் கேட்டீர்களே, எப்படிக் கண்டுபிடிப்பது என்று. கண்டுபிடிக்க வேண்டியதெல்லாம் அந்த டீக்கடை பெஞ்சில் என் எதிரிலேயே இருந்தது. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். 'தாசு இன்னா பண்றான், நீ இன்னா பண்றே?' என்று. நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தேன்.

மாப்பிள்ளை வந்தார்

கஜேந்திரன் வந்த அன்று வாசலை ஒட்டி, வெளிச்சம் விழுகிற இடத்தில் புது லேத்து போட்டுவைத்திருந்தேன். பத்து வருஷமாக அந்த இடத்தில் இருந்தது ஏகாம்பரத்தின் மெஷின். அதை உள்ளே தள்ளினேன். கால் வலிக்கும்போது உட்கார அவனே தேக்குக் கட்டையில் செய்துவைத்திருந்த ஸ்டூலையும் தள்ளினேன்.

எல்லோரையும் கூப்பிட்டு, "ஒரு மெஷின எப்டி வெச்சிக்கணும்னு இவன்கிட்ட கத்துக்குங்க. இனிமே இவன்தான் இங்க மொத ஆளு" என்றேன்.

ஏகாம்பரம் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நடந்தான். "மாப்ள வந்துட்டாரு. சீர்வரிசை எங்க மாமே?" என்று அடுத்த மெஷின்காரனைக் கேட்டான். சிரிப்பு. கஜேந்திரன் காது சிவந்து நின்றான்.

எங்களுக்கு அப்போது கிடைத்திருந்தது ஒரு பெரிய கம்பெனியின் ஆர்டர். வண்டிக்குப் போகிற சின்ன இரும்பு வளையம். புஷ் என்போம். உள் துளை தலைமுடியில் கால்வாசி பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல் மூன்று லாட், அதாவது மூன்று தடவை அனுப்புகிற சரக்கு, சரியாகப் போனால் நிரந்தர ஆர்டர் என்று சொல்லியிருந்தார்கள். அதைக் கஜேந்திரன் கையில் கொடுத்தேன்.

ஒரே வாரத்தில் அவன் மெஷின் கண்ணாடி மாதிரி ஆயிற்று. மூன்று வருஷமாக ஒரு லேத்தின் கியர்ப் பெட்டியில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் வந்து பார்த்தும் நிற்கவில்லை. இவன் சாப்பாட்டு நேரத்தில் எதையோ கழற்றி மாட்டினான், நின்றுவிட்டது. பெல்ட்டு கத்துகிற சத்தம்கூட ஷெட்டில் குறைந்தது. மெஷின் துடைக்கிற பழைய பனியன் வேஸ்ட்டைத் துவைத்துக் காயப்போட்டு மறுபடி உபயோகித்தான்.

இதையெல்லாம் இப்போது உட்கார்ந்து யோசித்து எழுதுகிறேன். அன்றைக்கு என் கண்ணில் பட்டது தட்டில் கிடந்த ரிஜெக்ட் புஷ்கள் மட்டும்தான். பத்து கடைந்தால் நாலு தேறவில்லை. முதல் லாட் திரும்பி வந்தது.

சாப்பாட்டு நேரம்

அடுத்த இரண்டு வாரம் அதிசயமாக எல்லாப் பீஸும் தேறின. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். புது இடம், கை பழக நாளாயிற்று, என் கண் பொய்க்குமா என்று நினைத்தேன்.

ஒரு நாள் வெளியே போனவன் மத்தியானமே திரும்பினேன். ஷெட்டில் மெஷின்கள் நின்றிருந்தன. தீட்டுகிற கல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் பொறி பறக்கக் கஜேந்திரனின் டூலைத் தீட்டிக்கொண்டிருந்தான். கஜேந்திரன் ஏகாம்பரத்தின் மெஷினுக்கு அடியில் படுத்து, எண்ணெய்க் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா நடக்குது இங்க?"

கல் நின்றது. கஜேந்திரன் எழுந்து நின்றான். ஏகாம்பரம்தான் பேசினான்.

"ஒண்ணியும் இல்ல மொதலாளி. டூலு மூக்கு போயிடுச்சி. ரெண்டு தேய் தேச்சேன்."

"அவன் டூல அவன் தேச்சிக்க மாட்டானா?"

"அவனுக்கு அது கை வரல மொதலாளி. எனக்கு இந்தக் கழட்டி மாட்றது கை வராது. நான் இத்தப் பாக்கறேன், அவன் அத்தப் பாக்கறான். உங்களுக்கு இன்னா, பீஸு வந்தா சரிதான?"

பத்து வருஷம் என்னோடு இருந்தவன், அதுவும் நான் இடத்தைப் பிடுங்கி உள்ளே தள்ளியவன், தன் பொறாமையை விழுங்கிவிட்டு வழியைச் சொல்கிறான். என் காதில் அது வழியாக விழவில்லை. நான் எல்லோர் முன்னாலும் பெரிய ஆள் என்று சொல்லிக் கொண்டுவந்தவனுக்கு டூல் தீட்டத் தெரியாது என்பது மட்டும்தான் விழுந்தது. ஏகாம்பரத்துக்கு அது தெரிந்துவிட்டது என்பதும் விழுந்தது.

"என் ஷெட்ல இரவல் கை கெடையாது. அவனவன் வேலைய அவனவன் பாக்கணும். இனிமே ஒருத்தன் மெஷினுகிட்ட இன்னொருத்தன் போனா ரெண்டு பேருக்கும் சீட்டு கிழியும்" என்றேன்.

ஏகாம்பரம் டூலை என் கையில் கொடுத்தான். சூடாக இருந்தது. "ஆறினதும் குடுங்க அவன்கிட்ட" என்றான்.

ரங்கன் சொன்னது

இரண்டாவது லாட் பாதி திரும்பியது. மூன்றாவது லாட்டைக் கம்பெனிக்காரர்கள் திறந்துகூட முழுசாகப் பார்க்கவில்லை. ஆர்டர் போயிற்று.

அந்த வாரம் இரும்புக் கடையில் ரங்கனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையிலேயே நக்கல்.

"இன்னா அண்ணாத்தே, என் ஆள இட்டுகினு போனியே, எப்டி கீறான்? டூலு, செட்டிங்கு, அளவு எல்லாம் அந்த மெஷின்ல தாசு பண்றது. அவன் முந்தின நாளே செட் பண்ணி வெச்சிட்டுப் போவான். இவன் காலைல வந்து கைப்புடிய சுத்துவான். அவ்ளோதான். நல்லா வந்து பாத்தே நீ!"

கடைக்காரனும் சிரித்தான். சிரிப்புக்கு நடுவே ரங்கன் இன்னொன்றும் சொன்னான். "ஆனா ஒண்ணு. அவன் போனதுலேந்து தாசுக்கும் நேரம் சரியில்ல. மெஷினு ரெண்டு வாட்டி படுத்துகிச்சி."

இந்தக் கடைசி வார்த்தையை என் இரண்டு காதாலும் கேட்டேன். கேட்டும் அது உள்ளே போகவில்லை. நான் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தேன்.

பதினைந்து நிமிஷம்

ஷெட்டுக்கு வந்து மெயின் சுவிட்சை நிறுத்தினேன். ஆறு மெஷினும் ஒவ்வொன்றாகச் சத்தம் அடங்கி நின்றன.

"அந்தப் பொட்டு தாசு வெச்சதுதான?"

கஜேந்திரனுக்கு முதலில் புரியவில்லை. "எந்தப் பொட்டு மொதலாளி?"

"நடிக்காத. காயிதப் பொட்டு. அடுத்தவன் வெச்ச பொட்டக் காட்டிகினு என்கிட்ட வேலைக்கு வந்திருக்கே. கைய அடியில இழுத்துகினப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். திருட்டுக் கை."

அவன் ஏகாம்பரத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ரெண்டு பேர் மெஷினுன்னு அன்னிக்கே சொன்னேனே மொதலாளி."

"கெளம்பு."

"ஊட்ல எட்டாவது மாசம்."

"ஏமாத்தறதுக்கு முன்ன யோசிச்சிருக்கணும். கெளம்பு."

அவன் அழவில்லை. கத்தவில்லை. பனியன் வேஸ்ட்டை எடுத்து மெஷினைத் துடைக்க ஆரம்பித்தான். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்கு, படுகை, கைப்பிடி, தட்டு. அடியில் குனிந்து சுருளை வாரிக் குப்பைத் தகரத்தில் போட்டான். எண்ணெய்க் குப்பியை எடுத்து, விட வேண்டிய ஒவ்வொரு துளையிலும் சொட்டு விட்டான். கால் மணி நேரம் ஆயிற்று. ஒருத்தன் அசையவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே வெயிலில் போனான்.

ரங்கன் அவனைச் சேர்க்கவில்லை. விட்டுப் போனவனைத் திரும்பச் சேர்த்தால் நாளைக்கு எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள் என்பதும் எஸ்டேட்டின் எழுதாத சட்டம்தான். நான் ஒரு போன் போட்டு, "தப்பு என்னுது, அவன எடுத்துக்கோ" என்று சொல்லியிருந்தால் எடுத்திருப்பான். 'ஏமாந்தவன் என்கிட்டயே வந்து கெஞ்சினான்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வதற்காகவாவது எடுத்திருப்பான். போன் என் மேசை மேல்தான் இருந்தது. கறுப்புப் போன். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டூல்

அடுத்த ஆயுத பூஜைக்கு யாரோ இனிப்புப் பெட்டியோடு என் ஷெட்டுக்கு வந்தார்கள். நான் ஏகாம்பரத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். பிரயோஜனம் இல்லை. மாசம் முடிந்ததும் கணக்கு முடித்துக்கொண்டான்.

"இன்னாடா கொற வெச்சேன் உனக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு கொறையும் இல்ல மொதலாளி. ஸ்டூல மட்டும் எடுத்துகினு போறேன். என்னுது."

அவன் போனபின் மற்றவர்களும் போனார்கள். நான் வேறு ஆட்களை எடுத்தேன். ஒவ்வொருவனையும் எடுக்கும்போது பழைய கண் வேலை செய்தது. வந்தபின் அவனை என்ன செய்வது என்று கைக்குத் தெரியவில்லை. நல்ல கை என்று கொண்டுவருவேன், மூன்று மாசத்தில் அது கட்டையாகிவிடும். ஒருத்தனை ஒருத்தன் பார்க்காமல், பேசாமல், அவனவன் மெஷினுக்கு முன்னால் முகத்தைத் தொங்கப்போட்டு நிற்பான். அப்படி நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டவன் நான்தானே.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் மெஷின் வந்ததால்தான் என்னை மாதிரி ஆட்கள் படுத்தோம் என்று கூட்டத்தில் எல்லாம் பேசியிருக்கிறேன். கைதட்டியிருக்கிறார்கள். பொய். கம்ப்யூட்டர் மெஷின் எங்கள் தெருவுக்கு வருவதற்கு முன்பே என் ஆறு மெஷினில் நாலு தார்ப்பாய் போர்த்திக்கொண்டு படுத்திருந்தன.

திருமழிசை கேட்டில்

அந்தச் சமயத்தில்தான் திருமழிசை எஸ்டேட்டில் புதுசாக ஒரு யூனிட் நன்றாக நடக்கிறது, நாலு நல்ல கை இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். ஆயுத பூஜை அன்று இனிப்புப் பெட்டியோடு போனேன். என் அப்பா கதிர் அறுத்த பக்கம். பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு புறம் வயல், ஒரு புறம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை.

கேட்டில் பூசணிக்காய் உடைத்துச் சிவப்பாகக் கிடந்தது. தோளில் தொளதொளத்த நீலச் சட்டையில் செக்யூரிட்டி ஒருவன் எழுந்து சல்யூட் அடித்துவிட்டு ரிஜிஸ்டரை நகர்த்தினான்.

"பேரு, ஊரு, யாரப் பாக்கணும். நானே எழுதிக்கிறேன் மொதலாளி. நல்லா கீறீங்களா?"

அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். முடி முன்னால் கொட்டிப்போய், கன்னம் ஒட்டியிருந்தது.

"கஜேந்திரா..."

"வந்த காரணம்னு ஒரு கட்டம் கீது. இன்னா எழுதட்டும்? பூஜைன்னா, ஆள் பாக்கன்னா?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. கட்டத்தை நிரப்ப வேண்டும், அதனால் கேட்டான். நான் பார்வையைத் திருப்பினேன். பக்கத்தில் அவன் சைக்கிள். நன்றாகத் துடைத்து, எண்ணெய் விட்டு நின்றது. ஹேண்டில்பாரில் காகிதத்தை வட்டமாக வெட்டி, சந்தனம் குங்குமம். தள்ளுகிற இரும்புக் கேட்டின் உருளை மேலும் ஒன்று. நான் அந்தக் கேட்டுப் பொட்டின் ஓரத்தை நெம்பினேன். கிரீஸ்.

"இது யாரு வெச்சது?"

"நான்தான். வேற யாரு கீறாங்க இங்க?"

"அப்போ ரங்கன் ஷெட்ல..."

"அதுவும் நான்தான் மொதலாளி. தாசுக்கு மெஷின தொடைக்கவே புடிக்காது. அவன் கடையறதோட சரி. மிச்சம் நானு."

நெம்பின பொட்டை மறுபடி அழுத்தி ஒட்டினேன். "அன்னிக்கு ஏன்டா சொல்லல? நான்தான் வெச்சேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"நீங்க யாரு வெச்சதுன்னு கேக்கல. தாசு வெச்சதுதானன்னு கேட்டீங்க." பேனாவை மூடினான். "இல்லன்னு சொன்னா இன்னா பண்ணியிருப்பீங்க? அப்பவும் பீஸு தேறாதுதான?"

என் கண் பொய்க்கவில்லை. அதுதான் தம்பி, எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அன்று ரங்கன் ஷெட்டில் நான் பார்த்தது நிஜம். அந்த மெஷினை அப்படிப் பார்த்துக்கொண்டவன் அவன்தான். ஷெட்டையே அவன் கையில் கொடுத்து, ஏகாம்பரத்தை டூலோடு விட்டிருந்தால் போதும். இரண்டு பேரும் சாப்பாட்டு நேரத்தில் சிரித்துக்கொண்டே அதைச் செய்தும் காட்டினார்கள்.

"தாசு எங்க கீறான்?"

"மெஷினு உக்காந்துச்சி, பழி அவன் மேல. அவனும் வேலைய உட்டு வந்துட்டான். இப்ப பூந்தமல்லில ஆட்டோ ஓட்டறான். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான் போயி வண்டிய தொடச்சிக் குடுத்துட்டு வருவேன். அவனுக்குத்தான் அது வராதே."

எட்டாவது மாசம் என்று சொன்னானே, அதைப் பற்றி நான் கேட்கவில்லை. அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"என்கிட்ட வந்துடு கஜேந்திரா" என்றேன்.

"எதுக்கு மொதலாளி?"

என் ஷெட்டில் அப்போது ஓடியது இரண்டே மெஷின். இனிப்புப் பெட்டியை நீட்டினேன். "கேட்ல யார்கிட்டயும் ஒண்ணியும் வாங்கக் கூடாதுன்னு ரூலு" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

உள்ளே கற்பூரம் காட்டுகிற மணிச்சத்தம் கேட்டது. நான் திரும்பினேன்.

"மொதலாளி, உள்ள போவலியா?"

"இல்லப்பா."

"பேர எழுதிட்டேனே."

திரும்பிப் பார்த்தேன். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ஸ்கேல் எடுத்தான். அதைச் சட்டை நுனியில் துடைத்தான். ரிஜிஸ்டரில் என் பெயரின் குறுக்கே நேராக வைத்து, பிசிறில்லாமல் ஒரு கோடு போட்டான்.